இடையில் நிற்கும் கல்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கீரிமலை என்று ஓர் ஊருக்குப் பெயர் உண்டு. அங்கே போகிறவர் காண்பது கேணியையும் கடலையுந்தான். கைதடி தொடங்கிக் கொடிகாமம் வரை எங்கள் தென்மராட்சி முழுவதும் மாவும் தென்னையும் பனையும் நிற்கின்ற மட்டமான நிலம். ஆழக் கிண்டினால் வருவது சுண்ணாம்புக் கல். காலங்காலமாக மழைநீரில் கரைந்துபோகும் கல் அது. அதில் ஒன்றைக் கீறி வைத்துவிட்டு ஆயிரம் ஆண்டு கழித்து வந்து பார்க்க முடியாது. சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு, எழுத்து வருவதற்கு முன்னரே மனிதர் கீறிய உருவங்கள் ஒரு கருங்கல் மலையின் மேலே இன்னும் இருக்கின்றன என்று வாசித்த நாள் தொடக்கம் அவற்றைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. 2017ஆம் ஆண்டு தை மாதம் அது கைகூடியது.

இடம் கேரளத்தின் வயநாடு மாவட்டம். சுல்தான் பத்தேரி நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்தில் அம்புகுத்தி மலை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில், கோப்பித் தோட்டங்களுக்கு மேலே, எடக்கல் குகை இருக்கிறது. எடக்கல் என்பது மலையாள வாயில் வரும் ஒலி. அதை நாம் இடைக்கல் என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அந்தப் பெயரிலேயே குகையின் பிறப்பும் அடங்கியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அது குகையே அல்ல. மலைப்பாறை மேலிருந்து கீழாகப் பிளந்து, அந்தப் பிளவுக்குள் மேலிருந்து ஒரு பெருங்கல் விழுந்து, முழுவதும் கீழே போகாமல் இரண்டு சுவர்களுக்கும் இடையில் இறுகி நின்றுவிட்டது. அந்தக் கல்லே கூரை. பிளவே அறை. கீழே சிறிய அறை ஒன்று. அதைக் கடந்து மேலே ஏறினால் ஏறத்தாழ 96 அடி நீளமும் 22 அடி அகலமும் உள்ள பெரிய அறை. கூரை மூடாத இடைவெளியால் வெளிச்சம் சாய்வாக இறங்குகிறது. தலைக்கு மேலே நிற்பது விழுந்துகொண்டிருந்தபோது அகப்பட்ட கல் என்பதை அறிந்துகொண்டு கீழே நிற்பது கொஞ்சம் மனத்தை உலுக்கத்தான் செய்யும்.

இராமனின் மக்களான லவனும் குசனும் எய்த அம்பு துளைத்து மலை பிளந்தது என்று அந்தப் பகுதி மக்கள் சொல்லுவார்கள். அம்புகுத்தி என்ற பெயருக்குக் கதை அதுதான். இந்தக் கதை இருப்பதனாலேயே அவர்கள் இந்த இடத்தை நெடுங்காலம் அறிந்திருந்தார்கள் என்பதும் விளங்குகிறது. ஆனால் புத்தகங்களிலே ‘கண்டுபிடித்தவர்’ என்று வருபவர் பிரெட் போசெற் என்ற ஆங்கிலேயர். மலபார்ப் பொலிஸ் அதிகாரி. 1890களில் இந்தப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில் கிடைத்த கற்கோடரி அவருடைய ஆவலைத் தூண்டிற்று. குகையைத் தேடிப் போய், சுவர்களை ஆராய்ந்து, 1901இல் ‘இந்தியன் அன்ரிகுவரி’ இதழிலே கட்டுரை எழுதினார். கள்வரைத் தேடவேண்டியவர் கற்காலத்தைத் தேடியிருக்கிறார், நல்ல காரியந்தான்.

இனிச் சுவருக்கு வருவோம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மழைநீர் ஓடிய தடம்போல நெடுக்குக் கோடுகள், நெருக்கமாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. கண் அந்த அரையிருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு கோடுகளுக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. தலையைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் மயிரோ, இறகுக் கிரீடமோ, முகமூடியோ, எதுவென்றும் சொல்லலாம். பிறகு தோள், விரித்த கை. அந்த மனிதன் தெரிந்தபின் பக்கத்தில் இன்னொருவர். விலங்குகள், சக்கரம் போன்ற வட்டம், பெயர் சொல்லத் தெரியாத பல குறிகள். ஒருதரம் கண்டுவிட்டால் பிறகு அவை மறையமாட்டா.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் பீம்பெட்காவிலும் தமிழ்நாட்டுக் கீழ்வாலையிலும் இருப்பவை வண்ணங்கொண்டு தீட்டிய ஓவியங்கள். எடக்கலில் வண்ணம் இல்லை. கல்லாலே கல்லைக் கீறியும் தேய்த்தும் உண்டாக்கிய பள்ளங்களே அங்கே உருவங்களாகின்றன. விரல் நுனி படியக்கூடிய ஆழம். ஒரு கோட்டை அந்த ஆழத்துக்குக் கொண்டுவர எத்தனை நாள் குந்தியிருந்து தேய்த்திருப்பார்கள்! இதிலே ஆராய்ச்சியாளருக்கு ஒரு சங்கடமும் உண்டு. வண்ணத்தில் கரிப்பொருள் கலந்திருந்தால் அதைக்கொண்டு காலத்தை மதிப்பிடலாம். வெறும் பள்ளத்திலே அளப்பதற்கு என்ன இருக்கிறது? அதனால் சுற்றுவட்டாரத்துக் கற்கோடரிகளையும் கீறலின் பாணியையும் வைத்துப் புதிய கற்காலத்தவை என்கிறார்கள். ஆண்டுக் கணக்கைச் சொல்லும்போது ஆளுக்கொரு தொகை சொல்லுகிறார்கள். 2009இல் எம். ஆர். இராகவ வாரியர் என்ற வரலாற்றறிஞர், சாடி ஏந்திய மனிதன் போன்ற ஓர் உருவம் சிந்துவெளிக் குறியை ஒத்திருக்கிறது என்றார். பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஒரு குறி ஒத்திருப்பதைக்கொண்டு இரண்டு நாகரிகங்களை இணைத்துவிட முடியுமா என்ற தயக்கம் எனக்கு உண்டு.

நான் அதிக நேரம் நின்றது இந்தப் பேருருவங்களுக்கு முன்னால் அல்ல, எழுத்துகளுக்கு முன்னால். ஆம், அதே சுவரில் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. ஐராவதம் மகாதேவன் அவற்றுள் ஒன்றைக் ‘கடும்மி புத சேர’ என்று படித்தார். கடும்மியின் மகனான சேரன் என்பது பொருள். கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். ‘ஸ்ரீ வழுமி’ என்ற இன்னொன்றை 2012இல் இராகவ வாரியர் படித்தபோது அங்குள்ள எழுத்துப் பொறிப்புகளின் தொகை ஐந்தாயிற்று. பதிற்றுப்பத்தைப் பாடமாகப் படித்த நமக்குச் சேரன் என்ற சொல் ஏட்டிலே காணும் சொல். இங்கே அது கல்லிலே, காட்டுக்கு நடுவே, ஒரு மனிதன் கையால் எழுதிய சொல். அவன் அரசனா, அரச குலத்தவனா, யார் கண்டது? அவன் வந்தபோதே அந்த உருவங்கள் மிகப் பழையவை. தன் பெயரை எழுத வேண்டியவன் அவற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு இடம் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பழைய கீறல்கள் அப்படியே நிற்க, பக்கத்திலே சின்னதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்கு ஆனைக்கோட்டை முத்திரை நினைவுக்கு வந்தது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தபோது கிடைத்த சிறு முத்திரை. மேல் வரியில் எவராலும் படிக்க முடியாத குறியீடுகள். கீழ் வரியில் பிராமி எழுத்து. பழைய குறியும் புதிய எழுத்தும் ஒரே முத்திரையில் அடுத்தடுத்து இருந்தன. எழுத்தறிந்த பின்னரும் அந்த மக்கள் குறியைக் கைவிடவில்லை. எடக்கல் சுவரும் அந்த முத்திரையும் ஒரே கதையைச் சொல்லுகின்றன என்று நான் சாதிக்க வரவில்லை. எழுத்து வந்தவுடன் அதற்கு முந்தியதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று நினைக்கும் எங்கள் வழக்கத்தை இரண்டும் கொஞ்சம் அசைக்கின்றன.

சுவருக்கு அருகே போகாதபடி தடுப்புப் போட்டிருக்கிறார்கள். காவலுக்கு நின்ற இளைஞரோடு கதைத்தேன். நான் பேசிய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுவிட்டு, கொல்லத்துப் பக்கமா என்று கேட்டார். தமிழ்நாட்டிலே எங்களை மலையாளிகளா என்று கேட்பார்கள். கேரளத்திலும் அப்படியே கேட்கிறார்கள். தடுப்பு எதற்கு என்றேன். கைவிரலால் சுவரின் ஒரு மூலையைக் காட்டினார். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பெயர்கள். ஓர் இதயம், அதற்குள் இரண்டு எழுத்து.

“அவர்களும் பெயரைத்தானே எழுதினார்கள், தம்பி?” என்றேன், சேரனை நினைத்து.

“அவர் ஒருவர், சாரே. இப்போது நாளுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள்” என்றார் மலையாளத்தில்.

அதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரம் தரைமட்டமாயிற்று. திரும்பிப் போனவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்து அடையாளம் கண்டார்கள். ஒரு சுவர் நிற்பது என்றால் என்ன என்பது எங்கள் ஊரவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அந்த இதயத்தைப் பார்த்தபோது மற்றவர்களைக் காட்டிலும் எனக்குக் கோபம் கூடுதலாக வந்தது.

சுவருக்கு ஆபத்து விரல்களால் மட்டும் வருவதல்ல. மலையைச் சுற்றிக் கருங்கல் உடைப்பதற்கு எதிராக அந்த மக்கள் ஆண்டுக்கணக்காகக் குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள். 2024 யூலை 30இல் அதே மாவட்டத்தின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்து நாள் கழித்து, ஓகஸ்ற் 9இல், அம்புகுத்தி மலைப்புறத்து ஊர்களில் நிலத்துக்கு அடியிலிருந்து பெரிய சத்தம் கேட்டதாக மக்கள் வெளியே ஓடி வந்தார்கள் என்ற செய்தியை வாசித்தபோது அந்த இடைக்கல்லையே நினைத்தேன். கல் பிளந்ததனாலும் விழுந்ததனாலும் உண்டான இடம் அது. ஒரு காலத்தில் அசைந்த கல் இன்னொரு காலத்தில் அசையாது என்று யார் சொல்வது?

போக விரும்பும் நேயர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மழைக்காலத்தில் போகவேண்டாம். திங்கட்கிழமை பூட்டியிருக்கும். அடிவாரத்திலிருந்து நடையும், பிறகு செங்குத்தான இரும்புப் படிகளும் உண்டு; முழங்கால் நோவு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இறங்கியபின் அம்பலவயல் நூதனசாலையில் அந்தப் பகுதியிலே கிடைத்த சிலைகளையும் நடுகற்களையும் பார்க்கலாம். கிட்டடியிலேயே தொவரி மலை என்று இன்னொன்று இருக்கிறது. அங்கும் இதே மாதிரிப் பாறைக் கீறல்கள் உண்டு. நான் போன அன்று பொழுது சாய்ந்துவிட்டது, பார்க்கவில்லை.