டர்பனைப் புரிந்துகொள்ள ஒரு மெமரி கார்டு

2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டை ஐ.நா. கூட்டியது. இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் திரண்டு சென்று, சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று வலியுறுத்தின. சாதி வேறு, இனம் வேறு. இது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல்லே வரவில்லை.

இதே ஐ.நா.வில் 1946-இல் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரை ஒதுக்கி நடத்துகிறார்கள் என்று அன்று புகார் கொடுத்தது இந்தியா. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கா சொன்னபோது, ஏற்க முடியாது என்று வாதாடியதும் இந்தியாதான். 55 ஆண்டில் வாதம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

ஏன் இப்படி? இதற்கு விடை தேடும் படிப்புதான் சர்வதேச உறவுகள் கோட்பாடு. பெயரைக் கேட்டதும் டெல்லிப் பிள்ளைகளின் படிப்பு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உள்ளே போனால் அவ்வளவு மிரட்டல் இல்லை. அரசுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, எனவே ஒவ்வொரு அரசும் தன் பலத்தையும் பாதுகாப்பையும்தான் பார்க்கும் என்பது ஒரு கட்சி. வகுப்பில் இதை ரியலிசம் என்பார்கள். மார்கெந்தோ, கென்னத் வால்ட்ஸ் பெயர்கள் வரும். எது நியாயம், எது அவமானம் என்ற எண்ணமும் அரசுகளை நடத்துகிறது, எண்ணம் மாறினால் நடத்தை மாறும் என்பது கன்ஸ்ட்ரக்டிவிசம். முதல் கட்சிப்படி டர்பனுக்குப் போனது வீண். இரண்டாவதன்படி வீண் இல்லை: 2002-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தனது 29-ஆம் பொதுப் பரிந்துரையில் சொல்லிவிட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆனால் சொல் பதிவாகிவிட்டது.

இந்தப் பாடங்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் பதிவு செய்து இலவசமாக வைத்திருக்கின்றன. எம்.ஐ.டி. 2001-இலேயே தன் பாடங்களைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. யேல் பல்கலைக்கழகமும் பின்னால் வந்தது. சிகாகோ பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் 2015-இல் உக்ரைன் பற்றிப் பேசிய ஒரு வகுப்புரையை யூடியூபில் 2 கோடிக்கும் அதிகமான முறை பார்த்திருக்கிறார்கள். ரியலிசம் எப்படி யோசிக்கும் என்பதற்கு அதைவிட நேரடியான பாடம் கிடைப்பது அரிது. அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். நம் நாட்டில் ஸ்வயம் தளம் இருக்கிறது. நெட் கிடைக்காத ஊருக்கு ஸ்வயம் பிரபா டிவி சேனல்கள் இருக்கின்றன.

தடை மொழிதான். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் என்ற விருப்பப் பாடத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதலாம் என்று அனுமதித்தவர்கள், கேட்டுப் படிக்கத் தமிழில் முழுமையான வகுப்புரைகளைத் தரவில்லை. நம் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள் அரசியல் அறிவியல் வகுப்பறையில் ஒரு மைக் வைத்தாலே பாதி வேலை முடியும். இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பகிர்வோம். பகிர அனுமதி தந்த பாடங்களை மட்டும் இறக்குங்கள், எம்.ஐ.டி. பாடங்களைப் பெயர் குறிப்பிட்டு, காசு வாங்காமல் பகிரலாம். வீடியோவைவிட ஆடியோ போதும், ஒரு பருவத்தின் மொத்த வகுப்பும் ஒரு மெமரி கார்டில் அடங்கும். வேகத்தை முக்கால் ஆக்கினால் அந்த உச்சரிப்பு பிடிபடும். ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் நான்கு பேர் சேர்ந்து கேட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒருவர் தமிழில் சொல்லட்டும்.

கூடவே இரண்டு பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அனுப்பும் மனு பற்றி விசாரித்து 1946-இல் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் எழுதிய கடிதம். மற்றொன்று 1951-இல் அவர் அமைச்சர் பதவியை விட்டபோது தந்த அறிக்கை. 350 கோடி ரூபாய் வருவாயில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, நண்பர்கள் இல்லாத வெளியுறவுக் கொள்கைதான் காரணம் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார். வால்ட்ஸின் புத்தகம் வர அப்போது இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன.