போர்வெல் மோட்டார் ஏன் சாக்கடையில் திணறுகிறது?

போர்வெல்லில் வருடக்கணக்கில் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கினால் சீக்கிரமே முடங்கிவிடும். ஏன்? அதற்குள் பல இம்பெல்லர்கள் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரங்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதால்தான் பல நூறு அடி ஆழத்துத் தண்ணீர் மேலே வருகிறது. ஆனால் உள்ளே வழி குறுகல். முடியும் நூலும் சிக்கினால் போதும். போதாக்குறைக்கு, மோட்டாரைக் குளிரவைப்பதே அதை உரசி ஓடும் தண்ணீர்தான். சேறு மூடினால் காயில் கருகும்.

கழிவுநீர் பம்பில் பெரும்பாலும் ஒரே இம்பெல்லர், அகலமான வழி. அதிக உயரம் தூக்காது. அது அதன் வேலையும் அல்ல.

திரவம் மாறினாலும் பம்ப் மாற வேண்டும். கடல்நீரின் குளோரைடு, 304 ரக எவர்சில்வரையே குழிகுழியாக அரிக்கும்; மாலிப்டினம் கலந்த 316 கூடுதலாகத் தாங்கும். பெட்ரோலில் தண்ணீர் மோட்டாரை இறக்கவே கூடாது.

கடையில் குதிரைத்திறனை மட்டும் கேட்காதீர்கள். என்ன திரவம், எவ்வளவு மணல், எத்தனை அடி என்பதை முதலில் சொல்லுங்கள்.