திரை விழுந்த பிறகு கணக்கு யாரிடம்?

கண்டியிலிருந்து கலஹா செல்லும் பாதையில் உள்ள ஒரு தோட்டம் அது. 2021ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அங்குள்ள பிள்ளைக் காம்பராவில் மாதர் நாடகக் குழுவின் கூட்டம் நடந்தது. வழமையாகச் சிரிப்பும் பாட்டுமாக இருக்கும் கூட்டம் அன்று அமைதியாக இருந்தது. குழுவின் செயலாளராக இருந்த அக்கா எழுந்து வந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த பணத்தை நடுவில் வைத்தார். அவரது காதுகளில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

"மிஸ், நான் ஒரு சதங்கூட எடுக்கல. ஆனா எழுதி வைக்கல. அதுதான் என் குத்தம்" என்றார்.

நடந்தது இதுதான். 2020 பெப்ரவரியில் அந்தக் குழு, குடிப்பழக்கத்தால் சீரழியும் ஒரு குடும்பத்தின் கதையை நாடகமாக மேடையேற்றியது. நுழைவுச்சீட்டு 100 ரூபா. மொத்த வசூல் 38,400 ரூபா. மண்டபம், ஒலிபெருக்கி, வாகனம், உடுப்பு என்று 11,000 ரூபா செலவு போக 27,400 ரூபா மிஞ்சியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்குவோம் என்று சொல்லித்தான் சீட்டு விற்றார்கள். பணம் அக்காவின் வீட்டு அலுமாரியில் இருந்தது.

மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சில லயன் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அக்கா அந்தப் பணத்தை எடுத்து அரிசியும் மாவும் பருப்பும் வாங்கிக் கொடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கக் கூட்டம் கூட்டவும் முடியாத காலம். ஒரு வருடம் கழித்து, "கொப்பிக் காசு எங்கே?" என்ற கேள்வி எழுந்தது. வாங்கிச் சாப்பிட்டவர்களில் சிலரும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பற்றுச்சீட்டு இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. அக்கா தோட்டை அடகு வைத்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். அந்தப் பெண்களுக்கு மேடையில் எப்படி நிற்பது, குரலை எப்படி எழுப்புவது என்றெல்லாம் நாம் பயிற்சி கொடுத்தோம். ஒரு காசேடு எழுதக் கற்றுக் கொடுக்கவில்லை. அக்காவின் குற்றத்தில் பாதி என்னுடையது.

அதன் பிறகுதான், நீண்ட காலம் நிலைத்து நிற்கும் நாடக அமைப்புகள் பணத்தை எவ்வாறு கையாளுகின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் அறிந்துகொண்டவற்றை வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன். பெரிய இடத்து விடயம் நமக்கு எதற்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபர்டில் இயங்குவது றோயல் ஷேக்ஸ்பியர் கம்பனி. பெயரில் கம்பனி இருந்தாலும் அது பதிவு செய்யப்பட்ட ஒரு தொண்டு நிறுவனம். அங்கு கிடைக்கும் இலாபத்தை எவரும் பங்கு போட்டு எடுக்க முடியாது. அது மீண்டும் நாடகத்துக்கே போக வேண்டும். அதன் தொடக்கமும் ஒரு நன்கொடைதான். சாள்ஸ் ஃபிளவர் என்ற உள்ளூர் மதுபான உற்பத்தியாளர் 1875இல் ஆற்றங்கரை நிலத்தைக் கொடுத்து, நிதி திரட்டலையும் தொடக்கி வைத்தார். 1879இல் அரங்கு திறக்கப்பட்டது. 1925இல் அரச சாசனம் கிடைத்தது. மறு ஆண்டே அரங்கு தீக்கிரையானது. உலகெங்கும் பணம் சேர்த்து மீண்டும் கட்டினார்கள். புதிய அரங்கை வடிவமைக்க நடந்த போட்டியில் 1928இல் வென்றவர் எலிசபெத் ஸ்கொட் என்ற பெண். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. 1932இல் அவரது கட்டடம் திறக்கப்பட்டது.

இந்த நிறுவனத்துக்குப் பணம் ஒரே வழியில் வருவதில்லை. நுழைவுச்சீட்டு ஒரு வழி. கலைகள் சபை ஊடாக வரும் அரசாங்க மானியம் இன்னொன்று. தனியார் நன்கொடை, கம்பனிகளின் அனுசரணை, கடை, உணவகம் என்பனவும் உண்டு. 1985இல் ஒரு தனியார் தயாரிப்பாளருடன் சேர்ந்து மேடையேற்றிய 'லே மிசராப்ள்' என்ற இசை நாடகமும், 2010இல் தானே உருவாக்கிய 'மெட்டில்டா'வும் ஆண்டுக்கணக்கில் வருமானம் தேடித் தந்தன. ஒரு வழி அடைபட்டால் மற்றது கைகொடுக்கும்.

ஆனாலும் 2020 மார்ச்சில் பல வழிகள் ஒரே நேரத்தில் அடைபட்டன. நமது பிள்ளைக் காம்பராவில் ஒத்திகை நின்றுபோன அதே மாதம் ஸ்ட்ராட்ஃபர்டிலும் அரங்கு மூடப்பட்டது. ஊழியர் பலரின் வேலை கேள்விக்குறியானது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் 194 இலட்சம் பவுணைக் கடனாக அறிவித்தது. கவனியுங்கள், இது மானியம் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டிய கடன். ஒழுங்கான கணக்கு இல்லாத ஒரு சங்கத்துக்கு எந்த அரசாங்கமோ வங்கியோ இப்படிக் கடன் கொடுக்குமா?

சரி, இவ்வளவு பணத்தையும் யார் ஆளுகின்றார்கள்? நாடகத்தைத் தெரிவு செய்து நெறிப்படுத்துபவர் கலைப் பணிப்பாளர். அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர் நிறைவேற்றுப் பணிப்பாளர். இவர்களுக்கு மேலே நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் சபை இருக்கின்றது. வரவு செலவுத் திட்டத்தை ஏற்றுக்கொள்வதும், பணிப்பாளர்களை நியமிப்பதும், தவறு நடந்தால் பதில் சொல்வதும் அந்தச் சபையின் கடமை. பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் பொதுவாகச் சம்பளம் பெறுவதில்லை. கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். எவரும் எடுத்துப் பார்க்கலாம். 2021இல் இந்தச் சபையின் தலைமையை ஏற்றவர் ஸ்ரீதி வடேரா. உகண்டாவில் ஓர் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர், நிதித்துறையில் வல்லுநர்.

பணம் எங்கிருந்து வருகின்றது என்பதும் ஆட்சியைச் சேர்ந்த கேள்வியே. பிபி என்ற எண்ணெய்க் கம்பனியின் அனுசரணையால் அந்த அரங்கில் 16 முதல் 25 வயதானவர்களுக்கு 5 பவுணுக்குச் சீட்டுக் கிடைத்தது. ஆனால் காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மாணவர்கள், எண்ணெய்க் கம்பனியின் பணத்தில் வந்து நாடகம் பார்க்கமாட்டோம் என்று எழுதினார்கள். மலிவுச் சீட்டினால் பயன்பெற்ற வயதினரே எதிர்த்தார்கள். 2019 ஒக்டோபரில் நிறுவனம் அந்த உறவை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மதுவுக்கு எதிராக நாடகம் போடும் நமது குழுவுக்குச் சாராயக் கடைக்காரர் பதாகை அடித்துத் தந்தால் வாங்குவோமா? அதை ஒருவர் மட்டும் முடிவு செய்யலாமா?

நமது நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. கொழும்பிலுள்ள லயனல் வென்ட் அரங்கு, 1944இல் காலமான புகைப்படக் கலைஞரும் பியானோ வாத்தியக்காரருமான லயனல் வென்ட்டின் நினைவாக 1953இல் திறக்கப்பட்டது. அதை ஒரு நினைவு நிதியம் நம்பிக்கைப் பொறுப்பாக நிர்வகிக்கின்றது. மண்டபத்தையும் ஓவியக் கூடத்தையும் வாடகைக்குக் கொடுத்து வரும் வருமானம் அதன் முக்கிய ஆதாரம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட சரச்சந்திராவின் 'மனமே' 1956 நவம்பரில் முதன்முதல் மேடையேறியது அங்குதான். அதே பேராதனையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியதை நமது மூத்தவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். மேடையில் நின்றவர்களின் பெயர் நினைவில் நிற்கின்றது. மண்டபத்தின் மின்சாரக் கட்டணத்தைத் தவறாமல் செலுத்தியவரை எவரும் நினைப்பதில்லை. ஆனால் அவரும் இல்லாமல் நாடகம் இல்லை.

இன்னொன்று மருதானை டவர் மண்டபம். 1911இல் திறக்கப்பட்ட இந்த அரங்குக்காக 1978ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. வென்ட் அரங்கு ஒருவரின் நினைவில் எழுந்த நிதியம். இது பாராளுமன்றச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. ஒன்றில் பொறுப்பாளர்களின் நேர்மையே பெரிய பாதுகாப்பு. மற்றதில் அரசின் பலமும் உண்டு, ஆட்சி மாறினால் வரும் தலையீடும் உண்டு. இரண்டிலும் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

சிறிய குழுக்களுக்கும் நமது நாட்டில் சட்ட வழிகள் உள்ளன. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டம், 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம் என்பன அவற்றுட் சில. 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1998இல் வந்த திருத்தம், நிதி மோசடி நடந்த நிறுவனங்களுக்கு இடைக்கால நிர்வாக சபை அமைக்கவும் இடமளிக்கின்றது. ஆனால் பதினான்கு பேர் கொண்ட மாதர் குழு முதல் நாளே கம்பனியாகப் பதிவு செய்யத் தேவையில்லை. ஓர் எளிய யாப்பு, கூட்டக் குறிப்பேடு, சங்கத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவை போதும். பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஆலோசனை கேட்கலாம்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு அக்காவின் கதையை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். மூன்று விடயங்கள் தெளிவாகின.

முதலாவது, ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த பணம் அந்த நோக்கத்துக்கே உரியது. பெரிய தொண்டு நிறுவனங்கள் இதைத் தனி நிதியாகப் பிரித்துக் கணக்கில் காட்டுகின்றன. கொப்பிக்கென்று சேர்த்ததை அரிசிக்குக் கொடுப்பது நல்ல மனதினால் என்றாலும், கொடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் செய்யலாகாது. நெருக்கடி வந்தால் என்ன செய்வது? வசூலில் ஒரு பங்கைப் பொது நிதியாக முதலிலேயே ஒதுக்கி வைத்தால் இந்தச் சங்கடம் வராது.

இரண்டாவது, பணம் கையில் இருப்பவரும் செலவை முடிவு செய்பவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. அக்கா மூன்று வேலையையும் தனியாகச் செய்தார். வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம். நம் சங்கங்களில் உழைக்கும் ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு, பின்பு அவளையே சந்தேகிப்பது வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது, கணக்குக் கேட்பது அவமதிப்பு அல்ல. "எங்களை நம்பலையா?" என்ற கேள்வியைப் பல சங்கங்களில் கேட்டிருக்கிறேன். கள்ளரைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, நேர்மையானவரைக் காப்பாற்றுவதற்கும் கணக்கு வேண்டும். அக்காவின் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்திருந்தால், தோடு காதிலேயே இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அத்தோடு முடியவில்லை. கடைசியில் வயதான ஓர் அம்மா எழுந்து, "அந்த மாவுல ரொட்டி சுட்டுத்தான் என் பேரப்புள்ளைங்க பத்து நாள் சாப்பிட்டுச்சுங்க. நான் சாட்சி" என்றார். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கி, யாருக்கு என்ன கிடைத்தது என்று நான் எழுதினேன். கடைக்காரரின் கடன் கொப்பியையும் பார்த்தோம். 27,400 ரூபாவில் 25,900 ரூபாவுக்குக் கணக்குக் கிடைத்தது. மீதி 1,500 ரூபாவை எல்லோரும் பங்கிட்டுப் போட்டு, கொப்பி நிதியைத் தவணை முறையில் நிரப்புவதென்று தீர்மானம் எடுத்தார்கள். அக்கா வைத்த பணம் அவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. அடுத்த வாரம் தோட்டை மீட்டார்.

இப்போது அந்தக் குழுவுக்கு வங்கிக் கணக்கு இருக்கின்றது. பணம் எடுக்க மூவரில் இருவர் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு நாடகத்துக்கும் பிறகு வரவு செலவை ஒரு பெரிய தாளில் எழுதிப் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டுகிறார்கள். அக்கா மீண்டும் செயலாளராக வர மறுத்துவிட்டார். கணக்குப் பரிசோதகராக இருக்கச் சம்மதித்தார். "நான் பட்டதை இன்னொருத்தி படக் கூடாது, மிஸ்" என்பது அவர் சொன்ன காரணம்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு மாதர் சங்கமோ, மரணாதார சங்கமோ, நாடகக் குழுவோ இருக்கும். அடுத்த கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தைக் காட்டும்படி அன்போடு கேளுங்கள். எழுதப்படாமல் இருந்தால், குறை சொல்வதற்கு முன் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு பொருளாளரின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.