பராமரிப்போரின் பாரமும் சபையின் பணியும்

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பழி அவனுடையதா, பெற்றோருடையதா என வினவினர். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). எனினும் மனநோயோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையைப் பேணுவோர் நம் சபைகளில் இன்னும் அவ்வினாவைச் சந்திக்கின்றனர். உழைப்பைவிட அவர்களை மிகுதியாக நலிவிப்பவை பழியும் தனிமையுமே.

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, அவர்களை ஒன்றுகூட்டி நோயின் தன்மையை விளக்கினார். அச்சமும் வெட்கமும் குறைந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன்தங்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பத்தாரும் மருத்துவத்தில் பங்காளிகள் என்பதே இவற்றின் அடிப்படை.

பெற்றோர் குழு இதனையே ஊருக்குள் கொணர்கிறது. மாதந்தோறும் கூடுவர், பேசியவற்றை வெளியிடார், ஒருவர் கண்ட வழியை மற்றவர் கற்பர். 'நமக்குப்பின் யார்?' என்னும் கேள்விக்கும் அங்கு விடை தேடலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர்க்கு, 18 வயதிற்குப்பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வகைசெய்கிறது. மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் அதற்கு மனுச்செய்ய வேண்டும். இதனை அறியாத பெற்றோர் பலர்.

சிமெண்ட் ஆலையையொட்டி வளர்ந்த மதுக்கரை போன்ற ஊரில் ஷிப்டு வேலை செய்வோருக்கு ஓய்வு ஒருங்கே வாய்ப்பதில்லை. ஆகையால் கூடும் நாளைப் பெற்றோரே குறிக்கட்டும். அவ்வேளையில் வாலிபர் சங்கத்தார் பிள்ளைகளைக் கவனிக்கட்டும். இன்றேல் தாய்மார் வரவியலாது. ஆயர் அங்குப் பிரசங்கியாமல் செவிகொடுப்பாராக. அதுவும் திருப்பணியே.