கணையத்தில் தற்செயலாகத் தெரிந்த கட்டி

புக்கிட் மெர்தாஜாமில் சிறுநீரகக் கல் வலி தாங்காமல் ஸ்கேன் எடுக்கப் போகிறவருக்குக் கல்லைப் பற்றித்தான் கவலை. அறிக்கையின் கடைசி வரியில், கணையத்தில் 12 மி.மீ. அளவில் ஒரு கட்டி என்று இருந்தால்? அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இப்படித்தான் தெரிந்தது. 2003 அக்டோபரில் சிறுநீரகத்தைப் பார்க்க எடுத்த சிடி ஸ்கேனில் கணையக் கட்டி தென்பட்டது. திசு எடுத்துப் பார்த்த பிறகே அது வழக்கமான கணையப் புற்று அல்ல, ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் அரிய நியூரோஎண்டோகிரைன் வகை என்று உறுதியானது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. குடலில் வாயு இருந்தால் அல்ட்ராசவுண்டுகூடச் சரியாகக் காட்டாது. தற்செயலாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை நீர்க்கட்டிகள். பலவற்றைக் கண்காணித்தாலே போதும். திடமான சிறு கட்டிதான் மருத்துவரைத் திணறடிக்கும்.

அதற்குத் தனி சிடி ஸ்கேன் உண்டு. கை நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது உடம்பு சட்டென்று சூடாகும். 40, 45 வினாடியில் ஒரு படம், 70 வினாடி வாக்கில் இன்னொன்று. முதல் படத்தில் வழக்கமான புற்று பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். நியூரோஎண்டோகிரைன் கட்டி பளிச்சிடும். ஆனால் கணைய வாலுக்குள் பிறவியிலேயே தங்கிவிட்ட மண்ணீரல் துண்டும் அப்படியே பளிச்சிடும். அது நோயே அல்ல. கட்டி என்று நினைத்து அறுவை செய்யப்பட்டவர்களும் உண்டு. மிகச் சிறிய புற்றோ சில சமயம் படத்தில் விழுவதே இல்லை. கணைய நாளம் விரிந்திருப்பது மட்டுமே தடயமாக நிற்கும்.

சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சிறிய புற்றில் அதன் அளவு இயல்பாக இருக்கலாம். பித்தநாளம் அடைத்தால் புற்று இல்லாமலே ஏறலாம். வாய்வழி எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்டில் ஊசியால் எடுக்கும் திசுதான் பெரும்பாலும் விடை சொல்லும். ஊசி குறி தப்பினால் அந்த விடையும் தப்பு.

வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். கணைய அறுவை பெரிய அறுவை. பிறகு நீரிழிவும் வரலாம். 2 செ.மீ.க்குக் குறைந்த, தொந்தரவு தராத நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் பலவற்றைக் கண்காணிப்பதே சரியான வழி.

கிளினிக், செபராங் ஜெயா மருத்துவமனை, பாலம் தாண்டி பினாங்குத் தீவு என்று அலையும்போது பழைய படங்களே பெரிய துணை. ஐந்து ஆண்டுக்கு முந்தைய படத்திலும் கட்டி அதே அளவில் இருந்தால் மருத்துவரின் முடிவே மாறலாம். அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். 50 வயதுக்குமேல் புதிதாக நீரிழிவு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேன் எப்போது என்று தெரியாமல் எழுந்து வராதீர்கள்.