நடந்து வந்த பொலிகுதிரை

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், வடகடலை ஒட்டிக் கிடக்கும் வேளாண் மாவட்டம் சஃபோக். அதன் நடுப்பகுதி கனத்த களிமண் நிலம். மழை பெய்துவிட்டால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியோடும் மண்ணும் சேர்ந்து எழும். அந்நிலத்தின் ஏருக்கென உருவான குதிரையினம் சஃபோக் பஞ்ச். குதிரை உயரத்தை அளக்கும் ‘கை’ நான்கு அங்குலம். இவ்வினம் பதினாறு கைக்கு மேலும் நிற்கும். ஒரு டன்னை நெருங்கும் எடை, குட்டைக்கால், பீப்பாய் போன்ற வயிறு, மாறாத செம்பழுப்பு நிறம். ஷயர், கிளைடெஸ்டேல் முதலிய பிற பிரித்தானிய இழுவைக் குதிரைகளின் கணைக்காலில் அடர்ந்து தொங்கும் மயிர்க்குஞ்சம் இதற்கு இல்லை. களியில் நாள் முழுதும் நடக்கும் விலங்குக்கு அக்குஞ்சம் வெறும் சுமை.

இவ்வினத்தை வளர்த்தெடுத்தவை ஊர்ஊராக நடந்த பொலிகுதிரைகள், அதாவது இனப்பெருக்கத்துக்கென வைத்த ஆண்குதிரைகள். பொலிகுதிரை ஒன்றைப் பேணத் தனிக் கொட்டிலும் தனி ஆளும் வேண்டும். எல்லா உழவர்க்கும் அது கைகூடாது. எனவே உடைமையாளர் தம் பொலிகுதிரையைக் குதிரைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்து, ஏப்ரலில் சுற்றுக்கு அனுப்புவார். பிடரிமயிரை நாரோடும் நிறநாடாவோடும் சேர்த்துப் பின்னி, சேணப் பித்தளையைத் துலக்கி, இருவரும் சாலையில் இறங்குவார்கள். எந்தக் கிழமையில் எந்த விடுதியில் தங்கல், எந்தச் சந்தையில் நிற்றல், தந்தை யார், பாட்டன் யார், எந்தக் காட்சியில் என்ன பரிசு, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அச்சடித்த ஒரு சிறு அட்டையில் இருக்கும். குதிரைக்காரருக்குரிய சில்லறைத் தொகையும் அதில் தனியே குறிக்கப்பட்டிருக்கும். அந்த வரியை மட்டும் அவர் யாரையும் மறக்கவிட்டிருக்க மாட்டார்.

சுற்று ஏப்ரலில் தொடங்கிச் சூலையில் முடிந்ததற்குக் காரணம் கதிரவன். குதிரை நெடும்பகலில் இனம்பெருக்கும் விலங்கு. இருளில் மூளையின் கூம்புச் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. குளிர்காலத்து நீள் இரவுகளில் அது மிகுந்து, சூலகத்தைத் தூண்டும் இயக்குநீர்களை அடக்கி வைக்கிறது. பகல் நீள நீள அத்தடை தளர்ந்து, பெட்டைக்குதிரை பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு திங்கள். ஆகவே இளவேனிலில் சேர்ந்தவை மறு இளவேனிலில், புல் தழைக்கும் நாளில், குட்டி ஈனும். ஈன்ற ஒன்றரை வாரத்துக்குள்ளாகவே பெட்டை மீண்டும் பருவத்துக்கு வருவதால், குட்டி பிறக்கும் காலமும் பொலிகுதிரை வரும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதைவிட நுட்பமானது சுற்றின் கணக்கு. பொலிகுதிரை ஒரு பண்ணைக்குப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, அதே கிழமையில் வரும். பெட்டையின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள்வரை ஆணை ஏற்கும் நிலையில் அது இருக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை வரும் பொலிகுதிரை அந்த இடைவெளியைத் தவறவிடுவது அரிது. கருமுட்டை வெளிப்படுவது பருவத்தின் கடைசி ஓரிரு நாளில்தான் என்றாலும், விந்தணு பெட்டையின் உடலுள் இரண்டு நாளோ அதற்கு மேலோ உயிர்த்திருப்பதால் சற்று முந்திய சேர்க்கையும் பலித்தது. மூன்று வாரம் கழித்து அதே கிழமையில் பொலிகுதிரை வந்து நிற்கும்போது பெட்டை அதை ஏற்க மறுத்தால் சினை பிடித்திருக்கக்கூடும், ஏற்றால் பிடிக்கவில்லை. அந்நாளில் உழவரிடம் இருந்த சினைச் சோதனை இதுவே. மூவேழு இருபத்தொன்று என்ற வாய்ப்பாட்டை யாரும் உயிரியல் நூலில் கற்று வகுக்கவில்லை.

சோதனை நடந்த இடம் ஒரு தடித்த மரக்கதவு. கதவின் ஒருபுறம் பெட்டை, மறுபுறம் பொலிகுதிரை. இரண்டும் மூக்கை நீட்டி முகர விடுவார்கள். பருவத்தில் இல்லாத பெட்டை காதைப் பின்னுக்கு மடக்கி, கீச்சிட்டு, கதவில் ஓங்கி உதைக்கும். கதவு தடித்ததாக இருப்பது அதற்காகவே. ஒரு டன் பெட்டையின் உதை ஆண்குதிரையின் காலில் பட்டால் அவ்வாண்டு வருவாயோடு குதிரையும் போய்விடும். பருவத்தில் உள்ளதோ உதைக்காது. பின்கால்களை அகற்றி, வாலைத் தூக்கி, சிறிது சிறுநீர் விட்டு அமைதியாக நிற்கும். குதிரைக்காரர் அதைக் கண்ட பின்னரே கதவைத் திறப்பார்.

குதிரைக்காரரின் அட்டையில் இருந்தது முன்னோர் பட்டியல். உழவர் அறிய வேண்டியதோ அக்குதிரையின் வழிவந்தவை எப்படி உழுகின்றன என்பது. இந்தப் பழைய முறையின் உண்மையான வலிமை இங்கேதான் இருந்தது என்று கருதுகிறேன். பொலிகுதிரை ஆண்டுதோறும் அதே வழியில் வந்தது. அதன் குட்டிகள் அவ்வழியின் இருமருங்கிலும் வயல்களில் வளர்ந்தன. மூன்றாம் ஆண்டில் அண்டை வயலில் ஏர் இழுக்கும் இளங்குதிரையைப் பார்த்தே ஓர் உழவர் தந்தையை எடைபோட முடிந்தது. வழித்தோன்றலைக் கொண்டு தந்தையை மதிப்பிடும் இம்முறையைப் பின்னாளில் கால்நடை அறிவியல் ஏடும் புள்ளியியலும் கொண்டு செய்தது. தெரிந்து தேர்ந்தால் பண்பு மாறும் என்பதற்கு இவ்வினத்தின் குளம்பே சான்று. குளம்பு நன்றாக இல்லை என்ற பழி சஃபோக் இனத்துக்கு நெடுநாள் இருந்தது. காட்சிகளில் குளம்புக்கென்றே தனிப் போட்டி வைத்தார்கள். சில தலைமுறைகளில் குளம்பு திருந்தியது. கண்ணுக்குப் புலப்படாத குறைகளோ சுற்றோடு சுற்றாக ஊர்களில் பரவின. இதைக் கட்டுப்படுத்த, 1918ஆம் ஆண்டின் குதிரைப் பெருக்கச் சட்டம், உரிமம் பெறாத பொலிகுதிரையைச் சுற்றுக்கு விடக்கூடாதென்று பிரித்தானியாவில் தடை விதித்தது.

இன்று உயிரோடிருக்கும் சஃபோக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் ஒரே குதிரையிடம் போய் முடிகின்றன. அது 1768இல் பிறந்தது. அஃபோர்டு என்ற ஊரின் தாமஸ் கிரிஸ்ப் என்பவருக்கு உரியது. தனிப்பெயர் ஏதும் அதற்கு வழங்கவில்லை. ‘கிரிஸ்பின் குதிரை’ என்றே பதிவாயிற்று. சஃபோக் குதிரைக் கழகம் 1877இல் அமைந்தது. அதன் முதல் செயலர் ஹெர்மன் பிடெல் பழைய உழவர்களிடம் கேட்டும் தேடியும் தொகுத்த குடிவழிப் பதிவேடு 1880இல் வெளிவந்தது. அதனால்தான் இச்செய்தி நமக்குத் தெரிகிறது. கிரிஸ்பின் குதிரைக்குப் பிறகும் வேறு தந்தைவழிகள் வெளியிலிருந்து வந்து கலந்தன, ஒவ்வொன்றாக அற்றுப்போயின.

இதைக் கேட்டதும், கிரிஸ்பின் குதிரை ஈடிணையற்றதாக இருந்திருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணத் தேவையில்லை. பிரித்தானியக் குடும்பப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று 1874இல் கால்டன், வாட்சன் என்ற அறிஞர்கள் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சிலருக்கு ஆண்மக்கள் இராமற் போவர். போன வழி திரும்பாது. காலம் போதுமான அளவு நீண்டால், யாருக்கும் தனிச்சிறப்பு இல்லாமலே பெரும்பாலான வழிகள் அறும். குதிரையில் இது இன்னும் விரைவு, ஆண்குட்டிகளில் மிகப்பலவற்றைக் காயடித்து ஏரில் பூட்டிவிடுவார்கள் அல்லவா? மேலும் தந்தைவழி என்பது ஒய் நிறப்புரி ஒன்றன் வழி மட்டுமே. மற்ற மரபணுக்கள் அறுந்துபோன வழிகளின் மகள்கள் மூலமாக இன்றைய குதிரைகளுக்கு வந்து சேர்ந்திருக்கும். பதிவேட்டின் தந்தைவழிப் பட்டியல் அவற்றைக் காட்டாது.

நிறத்தின் கதை வேறு. பிடெல் செம்பழுப்பில் ஏழு சாயல்களைப் பிரித்துக் காட்டினார். அந்நிறமல்லாத சஃபோக் பஞ்ச் கிடையாது. செம்பழுப்பு ஒடுங்கு பண்பு என்பதை, பந்தயக் குதிரைகளின் பதிவேட்டைக் கொண்டு 1906இல் ஹர்ஸ்ட் என்பவர் காட்டினார். 1996இல் அதற்குரிய மாற்றம் எம்சி1ஆர் என்ற மரபணுவில் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் இரு படியாக அமையும்போது கருநிறமி மயிரில் உண்டாவதில்லை, செந்நிறமியே எஞ்சுகிறது. ஒடுங்கு பண்பை நாடுவோருக்கு ஒரு நன்மை உண்டு: மறைந்திருந்து வெளிப்பட எதுவும் இல்லாததால், செம்பழுப்பும் செம்பழுப்பும் சேர்ந்தால் பிறப்பது செம்பழுப்பே.

இனி இவ்வினத்தின் உண்மையான இடருக்கு வருவோம். ஓர் இனத்தில் 500 பெட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பொலிகுதிரை ஒரு பருவத்தில் நூறு பெட்டைகளுக்குப் போதும். எனவே ஐந்து பொலிகுதிரைகள் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் மரபியலாளர் சூவல் ரைட் 1931இல் வகுத்த கணக்கின்படி, மரபு வளத்தின் நோக்கில் அவ்வினத்தின் பயனுறு எண்ணிக்கை 505 அன்று. ஆண் எண்ணையும் பெண் எண்ணையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 20. பெட்டைகளை ஆயிரமாக உயர்த்தினாலும் அதே 20தான். பெட்டைகள் 500 ஆகவே இருக்க, பொலிகுதிரைகளை மட்டும் 20 ஆக்கினால் அது 77 ஆகிறது. நெருங்கிய உறவுகள் தமக்குள் சேர்வதாகிய உட்கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறும் வேகத்தை இவ்வெண்ணே முடிவு செய்கிறது: 20 என்றால் நூற்றுக்கு இரண்டரை, 77 என்றால் ஒன்றுக்கும் குறைவு. ஒரு குதிரை ஒரு பருவத்தில் நடக்கக்கூடிய தொலைவு சுற்று முறையில் அதன் செல்வாக்கிற்கு வரம்பிட்டது. அடுத்த மாவட்டத்துக்கு வேறொரு பொலிகுதிரை வேண்டியிருந்தது. பரிசும் புகழும் ஒருசில குதிரைகள்மேல் குவிந்தபோது அவ்வரம்பு தளர்ந்தது.

அதன் பின் டிராக்டர் வந்தது. 1966இல் இங்கிலாந்தில் பதிவான சஃபோக் குட்டிகள் ஒன்பது. அருகிவரும் பண்ணை விலங்கினங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று 1973இல் தோன்றியது; சஃபோக் இனம் அதன் முதன்மைக் கவலைகளுள் ஒன்றாக இன்றும் இருக்கிறது. பொலிகுதிரை இப்போது சாலையில் நடப்பதில்லை. உறைய வைத்த விந்து சிறு குழல்களில் பயணம் செய்கிறது. 2020இல், பெண்குட்டி பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தால் சஃபோக் பெண்குட்டி ஒன்று பிறந்தது. எக்ஸ் நிறப்புரி தாங்கிய விந்தணுவில் மரபுப்பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு மிகுதி. ஒளிரும் சாயமேற்றி அவ்வேறுபாட்டால் பிரிக்கிறார்கள். ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும் என்பதால், பெட்டைகள் நூறுக்கும் குறைந்த நிலையில் இது பெரிய உதவி. ஆனால் மேற்சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். மகள்கள் பெருகினாலும் தந்தையர் சிலரே என்றால் உட்கலப்பு குறையாது.

உறைந்த விந்தின் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. மரபு இழப்பு ஆண்டுக்கணக்கில் நிகழ்வதில்லை, தலைமுறைக் கணக்கில் நிகழ்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இறந்த, வழித்தோன்றல் மிகச் சிலவே உள்ள பொலிகுதிரையின் விந்தை இன்று பயன்படுத்தினால் ஒரு தலைமுறை நீள்கிறது. மறைய இருந்த மரபணுக்களும் மீள்கின்றன. அதனால் இத்தகைய சிற்றினங்களில் ஒரு பெட்டைக்கு இணை தேடும்போது, பரிசுப் பட்டியலுக்கு முன்பாக அவ்விரண்டின் உறவு நெருக்கத்தைக் கணித்துப் பார்க்கிறார்கள். உறவினர் குறைவாக உள்ள பொலிகுதிரைக்கே முதலிடம் தருகிறார்கள்.