பிளக்கின் உஷ்ண குணம்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடைகளின் முன்னே சிறிது நேரம் நின்றாலே, "நல்ல பிளக்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்து நீட்டுவதைப் பிரித்தும் பாராமல் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைக் காணலாம். டயர் வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கிற இந்த மனிதர்கள், நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுழலும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே 2,500 முறை பெட்ரோல் கலவையைப் பற்றவைக்க வேண்டிய ஒரு சாதனத்தைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரு வண்டியில் குறையில்லாமல் வெகுகாலம் உழைக்கும் பிளக்கே இன்னொரு வண்டியில் பிஸ்டனைப் பாழாக்கிவிடவும் கூடும். அவ்விதம் நேர்வதற்கு முக்கிய காரணம் உஷ்ணம்.

பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான், தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதுவே 800 டிகிரியைக் கடந்து செல்லுமானால், பொறி பிறப்பதற்கு முன்பே கலவை அந்த நுனியின் தணலில் பற்றிக்கொண்டு, மேலே ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து மோதி, நாளடைவில் அதன் தலையில் ஓட்டை விழும்படியும் செய்துவிடும். இவ்விரண்டு எல்லைக்கும் நடுவே நுனியை நிறுத்திவைப்பது, மையக் கம்பியைச் சூழ்ந்திருக்கும் வெள்ளைப் பீங்கானின் பொறுப்பு. பீங்கானின் மூக்கு நீளமாக இருந்தால், உஷ்ணம் உலோகக் கூட்டை அடைந்து, மரை வழியாகச் சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்க வெகுதூரம் செல்ல வேண்டியிருப்பதால், நுனி சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் வடிந்துவிடும். முன்னதைச் சூட்டு பிளக் என்றும் பின்னதைக் குளிர்ந்த பிளக் என்றும் சொல்வது வழக்கம். வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் அளவுக்கு மீறிக் குளிர்ந்த பிளக்கை மாட்டினால், கரி படிந்து, காலை வேளையில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். சித்திரை வெயிலில் இருவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் பிரயாணம் செய்யும் வண்டியில் சூட்டு பிளக்கைப் போட்டாலோ இன்ஜினுக்கே அபாயம். இந்தச் சூட்டு வரிசையில் ஒரே ஒரு படி மாற்றினாலும் நுனியின் உஷ்ணம் ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி வரை வித்தியாசப்படுமாதலால், வண்டியைச் செய்தவர்கள் கைப்புத்தகத்தில் நிர்ணயித்திருக்கும் உஷ்ண எண்ணை விட்டு விலகாதிருப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த எண்ணிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. ஜப்பானில் நகோயா நகரத்தில் 1936-ல் ஸ்தாபிதமான என்.ஜி.கே. கம்பெனியாரின் முறைப்படி, எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சியாகும். சாம்பியன் பிளக்கிலும் தற்காலத்து பாஷ் பிளக்கிலும் எண் ஏற ஏறச் சூடு அதிகமாகும். போதாக்குறைக்கு, பாஷ் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் 1951-ல் தோன்றி, நம் நாட்டுச் சாலைகளில் வெகுகாலம் கோலோச்சிய மைக்கோவின் பழைய பிளக்குகளில் காணும் 175, 225 போன்ற மூன்று இலக்க எண்களில் பெரிய எண்தான் குளிர்ச்சிக்கு அடையாளம். ஆகையால், பழைய புல்லட்டையோ யெஸ்டியையோ அருமையாகக் காப்பாற்றி வருகிறவர்கள், ஒரு கம்பெனியின் எண்ணைக் கொண்டு இன்னொரு கம்பெனியின் பிளக்கை உத்தேசமாக வாங்காமல், கம்பெனியார் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தே தீரவேண்டும்.

மரையின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். என்.ஜி.கே.யின் பி.பி.6எச்.எஸ்., பி.பி.6இ.எஸ். என்ற இரண்டுக்கும் மரையின் குறுக்களவு 14 மி.மீ.தான், உஷ்ண எண்ணும் ஒன்றே, ஆனால் முதலாவதன் மரை 12.7 மி.மீ. நீளம், இரண்டாவது 19 மி.மீ. குட்டைக்குப் பதில் நெட்டையைத் திருகினால் அது பிஸ்டனைத் தொட்டுவிடலாம். நெட்டைக்குப் பதில் குட்டையைப் போட்டாலோ, வெறுமையாக நிற்கும் ஹெட் மரையில் கரி இறுகிப்போய், பின்னால் சரியான பிளக் உள்ளே ஏறாது.

புதியதை வாங்கப் புறப்படுமுன் பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது, வைத்தியர் நாடி பார்ப்பதற்கு ஒப்பானது. மூக்கு இளம்பழுப்பு நிறமாக இருந்தால் இன்ஜினும் பிளக்கும் இசைந்து நடக்கின்றன என்று கொள்ளலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருப்பின், நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ரிங்கையோ வால்வையோ சந்தேகிக்க வேண்டும், ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியானால், பெட்ரோலோடு கலக்கும் ஆயிலின் அளவை முதலில் சரிபார்க்க வேண்டும். பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் உஷ்ணம் வரம்பு மீறிவிட்டது. இந்தக் காரணங்களைத் திருத்தாமல் பிளக்கை மட்டும் மாற்றுகிறவர்கள், அதே கரியைப் புதிய பிளக்கில் மறுபடி காண்பார்கள்.

இரிடியம் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் அந்த உலோகத்தால் மையக் கம்பியை 0.6 மி.மீ. கனத்துக்கும் மெல்லியதாகச் செய்ய முடிவதால், குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி எழுகிறது. சாதாரண நிக்கல் பிளக்கைக் காட்டிலும் அது நெடுநாள் தேயாமல் உழைக்கிறது. அந்த ஆயுளுக்காகப் பணம் கொடுப்பது நியாயம். ஆரோக்கியமான இன்ஜினில் அது வேகத்தையும் மைலேஜையும் வெகுவாகக் கூட்டிவிடும் என்று நம்பிக் கொடுப்பதை நான் ஆமோதிக்க மாட்டேன். 2020 ஏப்ரல் முதல் அமலான பி.எஸ். 6 விதிகளை ஒட்டி வந்த, கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளிலோ, பிளக்கின் குறியீட்டிலுள்ள 'ஆர்' எழுத்துக்கு நிச்சயம் மதிப்புண்டு. சுமார் 5,000 ஓம் மின்தடை உள்ளே இருப்பதைத் தெரிவிக்கும் அந்த எழுத்து இல்லாத பிளக்கை மாட்டினால், பொறியின் மின்னலைகள் கம்ப்யூட்டரைக் குழப்பக்கூடும்.

பொருத்துவதற்கு இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஃபீலர் கேஜை நுழைத்து, கைப்புத்தகம் சொல்லும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் பக்கக் கம்பியை மட்டும் மெல்ல வளைத்து, வாஷர் படியும்வரை விரலாலேயே திருகிவிட்டு, 14 மி.மீ. பிளக்கானால் ஸ்பானரால் இன்னும் அரைச் சுற்று முறுக்கினால் போதும். பழைய பிளக்கையே துடைத்து மறுபடி போடுகிறவர்கள், வாஷர் முன்பே நசுங்கியிருப்பதை நினைவில் கொண்டு, சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு நிறுத்திவிட வேண்டும்; அலுமினிய ஹெட்டின் மரை அதற்கு மேல் பலாத்காரத்தைத் தாங்காது.